கத்திரியில் ஓடலாமா? டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெயிலைப் பற்றித்தான். வேலூர்க்காரியிடம் வெயிலைப் பற்றிக் கேட்கிறீர்கள், சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். பி.டி. டீச்சராக இருந்த காலம் முழுக்க இந்த ஊர் மைதானத்தில் விசிலோடு நின்றவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் காலை ஓட்டம் கோட்டை அகழியை ஒட்டித்தான். இடம் குறைவு, நேரே கேள்விகளுக்கு வருகிறேன்.

டீச்சர், ஜனவரியில் 21 கிலோமீட்டரை இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் முடித்தேன். இப்போது ஈ.சி.ஆரில் அதே வேகத்தில் எட்டு கிலோமீட்டர் போவதற்குள் நாக்கு தள்ளுகிறது. காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறேன், வெயில்கூட இல்லை. உடம்பு தளர்ந்துவிட்டதா?
*- ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்*

உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி. ஓடும்போது தசை எரிக்கிற சக்தியில் ஏறக்குறைய கால்வாசிதான் உங்களை முன்னே தள்ளுகிறது. மீதியெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியே தள்ள ரத்தம் தோலுக்குப் போயாக வேண்டும். கால் தசைக்கும் அதே ரத்தம்தான் வேண்டும். இரண்டு பக்கமும் இழுத்தால் இதயம் வேகமாக அடிக்காமல் என்ன செய்யும்? ஜனவரியில் சுலபமாக வந்த வேகம் மே மாதத்தில் பந்தய வேகம் மாதிரி வலிப்பது அதனால்தான்.

வெயில் இல்லை என்கிறீர்கள். சென்னையில் மே மாத விடியற்காலையில்தான் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். வியர்வை சொட்டுவதால் உடம்பு குளிராது, ஆவியாவதால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். பனியனைப் பிழிந்து தரையில் விட்டீர்களே, அது ஒன்றையும் கொண்டுபோகவில்லை. மண்பானைத் தண்ணீர் எங்கள் ஊர்க் கோடையில் ஜில்லென்று இருக்கும், கடலோரத்தில் அவ்வளவு ஏறாது. அதே கணக்குதான்.

உலக சாம்பியன்களையே பாருங்கள். 2019-ல் தோஹாவில் நடந்த உலக தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு 11.59-க்குத் தொடங்கினார்கள். அப்போதும் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். புறப்பட்டவர்கள் 68 பேர், பாதியில் நின்றவர்கள் 28 பேர். தங்கம் வென்ற கென்யாவின் ரூத் செப்ன்கெட்டிச் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அதே வருட ஜனவரியில் துபாயில் அவர் ஓடியது 2:17:08. பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடித்தான் தங்கம் வாங்கினார். அவரே கடிகாரத்தை விட்டுக்கொடுத்தார் என்றால் நீங்களும் நானும் எந்த மூலைக்கு?

ஜூலை வரை தூரக் கணக்கை விட்டு நேரக் கணக்குக்கு வந்துவிடுங்கள். "இன்று 12 கிலோமீட்டர்" வேண்டாம், "இன்று 75 நிமிடம்" போதும். ஓடிக்கொண்டே உங்கள் செல்போன் நம்பரின் பத்து எண்களையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. ஏழாவது எண்ணில் மூச்சு இழுத்தால் குறையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடங்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யார் எந்த வேகத்தில் ஓடினார்கள் என்று பார்ப்பதையும் அதுவரை நிறுத்திவைத்தால் நல்லது.

ஊட்டியில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் சென்னையில் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்தக் குளிரில் இருந்துகொண்டு வெயிலுக்கு எப்படிப் பழகுவது?
*- வங்கி ஊழியர், உதகமண்டலம்*

உடம்பு வெயிலைப் படிக்கப் பத்திலிருந்து பதினான்கு நாள் எடுக்கும். முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், இதயத் துடிப்பு இறங்கும். அப்புறம் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அளவும் கூடும், அதில் உப்பு குறையும். இதற்காகப் பதினான்கு நாளும் உயிரைக் கொடுத்து ஓட வேண்டியதில்லை. உடம்பு தினமும் ஒரு மணி நேரம்போல சூடாக இருந்தால் போதும்.

முடிந்தால் ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே இறங்கி மேட்டுப்பாளையத்திலோ சென்னையிலோ தங்குங்கள். முதல் நாள் 20 நிமிடம் மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். லீவு கிடைக்காது என்றால் வெந்நீர் வழி இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குளிரான இடத்தில் 40 நிமிடம் ஓடிவிட்டு, உடனே 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு 40 நிமிடம் வரை உட்கார வைத்தார்கள். ஆறே நாளில், சூட்டில் ஓடும் 5 கிலோமீட்டர் நேரம் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைந்தது. ஊட்டியில் வெந்நீருக்குக் குறைவா என்ன! ஆனால் தனியாக உட்காராதீர்கள், தலை சுற்றினால் எழுந்துவிடுங்கள், எழும்போது மெதுவாக எழுங்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம். பழகியது இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும், அதனால் இப்போதே செய்து வைத்துவிட்டு ஜூனுக்காகக் காத்திருக்காதீர்கள்.

எனக்கு 46 வயது. சமையலை முடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு வெளியே வர எட்டு மணி ஆகிவிடுகிறது. அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. நாய்க்குப் பயந்து விடியற்காலையில் போவதில்லை. 10 கிலோமீட்டர் ஓடும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?
*- இல்லத்தரசி, குடியாத்தம்*

ஏன் விட வேண்டும்? முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டு ஆண்கள் காப்பி போட்டு, இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினால் உலகம் நின்றுவிடாது. அந்த இரண்டு நாள் ஐந்தரைக்குப் போய்வாருங்கள். துணைக்கு ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டே போனால் நாய்கள் அவ்வளவு சீண்டுவதில்லை.

மற்ற நாளில் மாலை. நம் பக்கத்தில் ஆறு மணிக்கும் தார் ரோடு சூடு கக்கும், மதில் சுவர் பக்கம் போனாலே முகத்தில் அடிக்கும். ஆறரைக்கு மேல், மண் பாதையாகப் பார்த்து ஓடுங்கள். ஒரே மூச்சில் 50 நிமிடம் முடியாவிட்டால் காலை 20, மாலை 30 என்று பிரித்துக்கொள்ளலாம். எட்டு மணி வெயில்தான் கதி என்கிற நாளில் 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள், அதுவும் வெயில் பழக்கம்தான். துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்தால் மறுபடி நனையுங்கள். மாதவிடாய் நின்றுபோகும் வயதில் திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பதாகத் தோன்றும். அதையும் வெயில் மயக்கத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நிழலில் உட்கார்ந்த பிறகும் தலைவலியும் குமட்டலும் போகவில்லை என்றால் அது வெயில்தான், அன்றைக்கு ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

ஓடும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? நண்பர்கள் "நிறையக் குடி, குடித்துக்கொண்டே இரு" என்கிறார்கள்.
*- ஜவுளிக் கடை உரிமையாளர், சேலம்*

"குடித்துக்கொண்டே இரு" என்பது ஆபத்தான அறிவுரை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கிற உப்புச் சத்து, குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள். சோடியம் ரொம்ப இறங்கினால் மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் வரும். பார்க்கிறவர்கள் "தண்ணீர் பத்தவில்லை" என்று இன்னும் இரண்டு பாட்டிலை ஊற்றுவார்கள்.

உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். எடை மெஷின் இருந்தால் போதும். ஓடப் போகும் முன் பாத்ரூம் போய்விட்டு, உடுப்பைக் கழற்றி எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து, துண்டால் நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். முன்னால் 68.4 கிலோ, வந்த பிறகு 67.3, நடுவில் 300 மில்லி குடித்தீர்கள் என்று வையுங்கள். அந்த மணி நேரத்தில் போன வியர்வை 1.4 லிட்டர். அத்தனையையும் ஓடும்போதே திருப்பி ஊற்றத் தேவையில்லை. எடையில் 2 சதவீதம் வரை இறங்குவதை உடம்பு தாங்கும். தாகம் எடுத்தால் குடியுங்கள், ஒரே மடக்கில் அரை லிட்டர் வேண்டாம். வந்த பிறகு எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

என்ன குடிப்பது என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் உப்பு வேண்டும். மருந்துக் கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். அது நல்ல சரக்கு. பொட்டலத்தில் அந்தக் கணக்கு இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். இளநீரை எல்லோரும் புகழ்கிறார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீர் குடித்தால் கூடவே உப்புக் கடலையோ ஊறுகாயோ தொட்டுக்கொள்ளுங்கள். ஓடி வந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோரும் பழைய சோற்றுத் தண்ணீரும் எனக்குப் போதும். ஓடுவதற்கு முன் மோர் வேண்டாம், வயிற்றில் கடமுடா பண்ணும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் நீண்ட தூரம் ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓடிய பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெயிலில் ஓடினால் கொழுப்பு சீக்கிரம் கரையுமா?
*- பெயர் வேண்டாம், மதுரை*

கரைவது தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும்.

என் மகன் காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். தேர்வு வெயிலில்தான் நடக்கும் என்று மத்தியானம் ஒரு மணிக்கு பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஓடுகிறான். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் சொல்லுங்கள் டீச்சர்.
*- தாய், திருச்சி*

அந்த ஜாக்கெட்டை இன்றைக்கே ஒளித்து வைத்துவிடுங்கள் அம்மா. வியர்வை ஆவியாக விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. உடம்பின் ஒரே ஜன்னலை அடைத்துவிட்டு மத்தியான வெயிலில் ஓடுவது பயிற்சியே இல்லை.

2024 ஆகஸ்டில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும். அந்தத் தேர்வில் ஓடிய இளைஞர்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் தேர்வை நிறுத்திவைத்து, காலை ஒன்பது மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்று அந்த மாநில முதல்வர் சொன்னார். வேலை கிடைக்க வேண்டும் என்று ஓடுகிற பிள்ளை மயக்கம் வந்தாலும் நிற்கமாட்டான். பந்தயக்காரனைவிட அவன்தான் அதிக ஆபத்தில் இருக்கிறான்.

தம்பி, இது உனக்கு. நீ ஓடப்போவது 1,500 மீட்டர். அதற்கு வேண்டியது வேகம், வேகம் குளிர்ந்த நேரத்தில்தான் வளரும். காலை ஆறு மணிக்கு 400 மீட்டர் ஓட்டங்களை நடுநடுவே நடந்து நடந்து செய். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மட்டும் காலை ஒன்பதரை, பத்து மணிக்கு 20 நிமிடம் மெதுவாக ஓடிப் பழகு, ஜாக்கெட் இல்லாமல். காய்ச்சல், பேதி, தூங்காத இரவு, இதில் ஏதாவது இருந்தால் அன்றைக்கு ஓடாதே. ஸ்டாமினா ஊசி, பவுடர் என்று யாராவது கொடுத்தால் வாங்காதே.

எங்கள் கல்லூரி சார்பில் கிரிவலப் பாதையில் ஓட்டம் நடத்தலாம் என்று இருக்கிறோம். யாராவது வெயிலில் விழுந்துவிட்டால் என்ன செய்வது?
*- பேராசிரியர், திருவண்ணாமலை*

மே மாதத்திலா சார்? அந்தப் பாதையில் பகலில் வெறுங்காலோடு நடந்தவர்களைக் கேளுங்கள். தள்ளிப்போட முடிந்தால் டிசம்பருக்குத் தள்ளுங்கள். முடியாது என்றால் காலை ஐந்துக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுங்கள்.

விழுகிறவர்களில் பெரும்பாலோர் ஓட்டத்தை முடித்து சட்டென்று நின்றதால் தலை சுற்றி விழுகிறவர்கள். காலைத் தூக்கி வைத்துப் படுக்க வைத்தால் சரியாகிவிடுவார்கள். பயப்பட வேண்டியது ஓடும்போதே புத்தி தடுமாறுகிறவரைப் பார்த்து. உள்ளுடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சும் நடையும் மாறிவிட்டால் அது வெப்பவாதம். "தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பவாதம்" என்று பழைய பாடத்தில் இருக்கும், நம்பாதீர்கள். ஓடி விழுகிறவர் சொட்டச் சொட்ட நனைந்துதான் இருப்பார்.

ஒரு கோடை ஓட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். முடிவுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வந்தான். கையைப் பிடித்து "பேர் என்னப்பா?" என்றேன். "எட்டாவது கிலோமீட்டர்" என்றான். மறுபடி கேட்டதற்குக் கோபம் வந்து என் கையைத் தட்டிவிட்டான். பக்கத்து வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சிமெண்ட் தொட்டி இருந்தது. மூன்று பேராகத் தூக்கி அதில் உட்கார வைத்து, ஒருவர் தலை சாயாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். எதிரே கரும்புச் சாறு விற்றவர் ஐஸ் கட்டியைச் சாக்கோடு கொண்டுவந்து கொட்டினார். கால் மணி நேரம் இருக்கும், "ஐயோ, ஷூ நனைஞ்சிடுச்சே" என்றான். அப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

வரிசை அதுதான் சார். முதலில் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் ஏற்ற வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆகஸ்ட் மாதம் ஃபால்மவுத் என்ற ஊரில் 7 மைல் ஓட்டம் நடக்கும். அங்கே வெப்பவாதம் வந்தவர்களை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உடனே இறக்கிவிடுவார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் அப்படிப் பிழைத்திருக்கிறார்கள். பிற்பாடு நியூயார்க் மாரத்தானை வென்ற ஆல்பெர்டோ சலாசாரும் 1978-ல் அங்கே விழுந்து ஐஸ் தொட்டியில் பிழைத்தவர்தான். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்க வேண்டும், அந்த நேரம் ஆம்புலன்ஸ் பயணத்திலேயே போய்விடக் கூடாது. பிளாஸ்டிக் தொட்டி இரண்டு, ஐஸ் நாலைந்து மூட்டை, கூடவே ஒரு டாக்டர், இவ்வளவும் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தொட்டி இல்லாத இடத்தில் தார்பாலினில் படுக்க வைத்து, நாலு மூலையையும் தூக்கிப் பிடித்து, உள்ளே ஐஸ் தண்ணீரை ஊற்றி அலசுங்கள். 108-க்கு ஒருவர் போன் செய்துகொண்டே இருக்கட்டும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இந்தச் சூட்டுக்கு அது கேட்காது. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மேடைக்கும் பேனருக்கும் ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் குறைத்தால் ஐஸ் செலவு வந்துவிடும்.

நண்பர் ஒருவர் ஜூலையில் பேட்வாட்டர் ஓட்டத்தில் ஓடுகிறார். நான் அவருடைய உதவிக் குழுவில் இருக்கிறேன். நான் ஓட்டக்காரன் இல்லை. என்ன தெரிந்திருக்க வேண்டும்?
*- வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா*

நான் அந்தப் பக்கம் போனதில்லை, போய்வந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதுதான். மரணப் பள்ளத்தாக்கில் கடல்மட்டத்துக்கு 85 மீட்டர் கீழே தொடங்கி, விட்னி மலை வாசலில் ஏறக்குறைய 2,530 மீட்டர் உயரத்தில் முடிகிற 217 கிலோமீட்டர். 48 மணி நேரம்தான் கெடு. 50 டிகிரியைத் தொடுகிற வெயில். 1977-ல் முதன்முதலாக அந்த வழியை ஓடி முடித்தவர் ஆல் ஆர்னால்ட். அதற்கு முன் இரண்டு முறை முயன்று பாதியில் விட்டவர், சானா என்கிற சூடேற்றிய அறைக்குள் உடற்பயிற்சி சைக்கிள் மிதித்துப் பழகிப் போனார். போட்டியாக நடப்பது 1987-லிருந்து.

வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் கிடையாது. காரில் வருகிற நீங்கள்தான் பந்தல். கைக்குட்டையில் ஐஸைச் சுருட்டிக் கழுத்தில் கட்டுவது, தொப்பிக்குள் ஐஸ் போடுவது, துணியை நனைத்துவிடுவது எல்லாம் உங்கள் வேலை. அங்கே காற்று வறண்டது, நனைத்தது நிமிடத்தில் காயும், அதுதான் குளிர்ச்சி. வியர்வை தெரியாது, சட்டையில் உப்புப் படலம்தான் தெரியும். அதனால் "வியர்க்கவே இல்லை" என்று ஏமாந்துவிடாதீர்கள். மணிக்கு எவ்வளவு குடித்தார், என்ன சாப்பிட்டார், எப்போது சிறுநீர் போனார் என்று நோட்டில் எழுதுங்கள். நடு இரவில் அவர் சொல்வதைவிட நோட்டு சொல்வதை நம்பலாம். சலைன் ஏற்றினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆனால் ஏற்ற வேண்டிய நிலை வந்துவிட்டால் போட்டியைப் பற்றி யோசிக்காதீர்கள். மலைக் கணவாய்களில் இரவில் குளிரும், ஒரு ஸ்வெட்டரும் காரில் இருக்கட்டும்.

இந்த மாதிரி ஓட்டங்களில் ஓடுகிறவரைக் கவனித்துக் கவனித்து உதவிக்கு வந்தவர் விழுவதும் உண்டு. ஏசி காருக்கும் வெயிலுக்குமாக ஏறி இறங்கி, சாப்பிட மறந்து, தூங்காமல் வண்டி ஓட்டுவார்கள். அந்த நோட்டில் உங்கள் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டு, நீங்கள் குடித்ததையும் தூங்கியதையும் எழுதுங்கள்.